ஜோடியைப் பிரிக்காதீர்கள்: ஜூனியர் பேட்மின்டன் தேர்வுக் குழுவினருக்கும் அகாடமி நடத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

இந்த வருடம் ஜூனியர் அணிக்குப் பிள்ளைகளை எடுத்த விதம் பற்றி உங்களிடம் நேரில் கேட்டாயிற்று, போனில் கேட்டாயிற்று, மனுவாகவும் எழுதிக் கொடுத்தாயிற்று. ஒரு வரி பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். எந்த ஊர், எந்தக் குழு என்று பெயர் போடவில்லை. மற்ற ஊர்களில் பழக்கும் நண்பர்களிடம் பேசினால் அவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள், அதனால் இது உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே.

நடந்தது இதுதான். நான் சாயங்கால நேரத்தில் ஷட்டில் பழக்கும் பிள்ளைகளில் இரண்டு பெண்கள் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து டபுள்ஸ் ஆடுகிறார்கள். ஒருத்தி இடதுகைக்காரி. 15 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சுற்றுவட்டாரத்தில் நடந்த போட்டிகளில் இவர்களைத் தோற்கடிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். தேர்வு நாளன்று போய் நின்றால், டபுள்ஸுக்கென்று தனித் தேர்வு கிடையாது, சிங்கிள்ஸில் முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள்தான் அணி, அந்த நான்கு பேருக்குள்ளேயே ஜோடி போட்டுக்கொள்வோம் என்று அறிவிக்கிறீர்கள். அதுவும் அன்று காலையில். இடதுகைக்காரி நான்காவதாக வந்தாள், மற்றவள் காலிறுதியிலேயே போய்விட்டாள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. உள்ளே போனவளை, அவள் வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் சேர்ந்து ஆடாத ஒரு பெண்ணோடு நிறுத்தினீர்கள், அவர்கள் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். வெளியே நின்றவளின் அப்பா வந்து கேட்டபோது உங்களில் ஒருவர் சொன்ன பதில்: "டபுள்ஸ்தானே சார், யாரோட வேணும்னாலும் ஆடலாம்."

இந்த மடலுக்குக் காரணம் அந்த வாக்கியம்தான்.

இந்த இரண்டு பேரும் ஆடும்போது கோர்ட் ஓரமாக ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒருத்தி பின்னால் போனதும் மற்றவள் வலைக்கு வந்துவிடுவாள், ராக்கெட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி. திரும்பிப் பார்க்கவே மாட்டாள். பார்த்தால் அந்த நொடியில் பந்து தாண்டிப் போய்விடும். பின்னாலிருந்து வரும் சத்தத்தை வைத்தே தோழி ஓங்கி ஸ்மாஷ் அடித்தாளா, வலைக்குப் பக்கத்தில் விழும்படி மெதுவாக டிராப் போட்டாளா என்று தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி அரை அடி முன்னாலோ பக்கவாட்டிலோ நகர்வாள். சர்வீஸுக்கு முன்னால் முதுகுக்குப் பின்னால் ஒரு விரல் காட்டினால் எங்கே போடப் போகிறாள் என்று அர்த்தம். இடதுகைக்காரி வலப்பக்கம் நின்றால் இரண்டு பேருடைய ஃபோர்ஹேண்டும் (ராக்கெட் பிடித்த கைப்பக்கம்) நடுவில் வந்து சேரும், எதிரணிக்கு நடுவில் அடிக்கவே பயம் வரும். அதே ஆள் இடப்பக்கம் போய்விட்டால் நடுவில் இரண்டு பேக்ஹேண்டு (புறங்கைப் பக்கம்), அப்போது யார் எடுப்பது என்பது பேசி முடிவு செய்கிற விஷயமே இல்லை, பழகிப் பழகி வருவது. இதையெல்லாம் தேர்வு நாளன்று புதிதாகச் சேர்த்துவிட்ட ஒரு ஜோடியிடம் எதிர்பார்க்க முடியுமா? யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம் என்று சொன்னவர் இதைத் தெரியாதவர் இல்லை. அவரே ஆடியவர்தான். அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

நானும் பல்கலைக்கழக அணிக்கு டபுள்ஸ் ஆடியவள். அந்தக் காலத்திலும் இதேதான். சிங்கிள்ஸ் ஆடுபவர்களுக்குக் காலையில் நல்ல கோர்ட், ஒரு கோர்ட்டுக்கு இரண்டு பேர், புது காக் (இறகுப் பந்து). டபுள்ஸ் ஆடுபவர்கள் அவர்கள் முடித்த பிறகு எட்டு பேர் ஒரே கோர்ட்டில், அவர்கள் அடித்து இறகு முறிந்த காக்குகளைப் பொறுக்கி ஆட வேண்டும். இறகு முறிந்த காக் நேராகப் போகாது, ஆடிக்கொண்டே போகும். அதை வைத்து வலையை ஒட்டித் தட்டையாக அடிக்கும் டிரைவ் பழகுவதும் சர்வீஸ் பழகுவதும் வீண் வேலை, இன்னும் சொன்னால் கை கெட்டுப்போகும். இப்போது நான் பழக்கப் போகிற இடங்களிலும் அதே காட்சியைத்தான் பார்க்கிறேன். பெற்றோர் கட்டுகிற கட்டணம் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒன்று.

நீங்கள் சொல்லக்கூடிய நியாயமும் எனக்குத் தெரியும். அணிக்குக் கிடைக்கிற காசு கொஞ்சம், எட்டு பேரை அனுப்ப முடியாது, அதனால் இரண்டும் ஆடுகிற நான்கு பேரைப் பிடிக்கிறோம் என்பீர்கள். சரி. பத்து பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டும் ஆட வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நான்கு பேர்தான் என்றால் அந்த நான்கு இடங்களையும் சிங்கிள்ஸை மட்டும் வைத்து நிரப்ப வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? இரண்டு சிங்கிள்ஸ், ஒரு ஜோடி என்று எடுத்தாலும் நான்குதானே. செலவு ஒரு ரூபாய்கூட அதிகமாகாது.

அணிப் போட்டிகளைப் பாருங்கள். நாடுகள் மோதும் ஆண்கள் அணிப் போட்டியான தாமஸ் கோப்பையிலும் பெண்கள் அணிப் போட்டியான ஊபர் கோப்பையிலும் ஐந்து ஆட்டங்களில் இரண்டு டபுள்ஸ். ஆண்களும் பெண்களும் சேர்ந்த அணிகள் ஆடும் சுதிர்மன் கோப்பையில் ஐந்தில் மூன்று டபுள்ஸ்: ஆண்கள், பெண்கள், கலப்பு. ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கப் பிரிவுகளில் மூன்று. 2022 மே மாதம் பாங்காக்கில் இந்தியா முதல் தடவையாக தாமஸ் கோப்பை வாங்கியதே, இந்தோனேசியாவை 3-0 என்று சாய்த்து, அந்த மூன்றில் நடு ஆட்டம் சாத்விக்சாய்ராஜும் சிராக் ஷெட்டியும் ஆடியது. அன்று எல்லோரும் அவர்கள் படத்தைப் பகிர்ந்தோம். அவர்கள் சிங்கிள்ஸில் தேறாமல் டபுள்ஸுக்குத் தள்ளப்பட்டவர்களா? அமலாபுரத்திலிருந்து ஒருவர், மும்பையிலிருந்து ஒருவர், இரண்டு பேரும் பின்னாலிருந்து ஓங்கி அடிக்கிற ரகம். இவர்களைச் சேர்த்தால் சரிவராது என்று யாரும் சொல்லியிருக்கலாம். மலேசியாவிலிருந்து வந்த டபுள்ஸ் பயிற்சியாளர் டான் கிம் ஹெர்தான் இவர்களைச் சேர்த்து நிறுத்தினார், பதின்ம வயதிலேயே. அதற்குப் பிறகு வந்தவைதான் 2022 காமன்வெல்த் தங்கம், 2023-ல் துபாயில் ஆசியப் பட்டம், இந்தோனேசிய ஓப்பன், ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம், அப்புறம் அதே வருடம் உலகத் தரவரிசையில் முதலிடம். டபுள்ஸ் தெரிந்த ஒரு கண் வேண்டியிருந்தது, அந்தக் கண் சேர்த்த ஜோடியை விட்டுவைக்கிற பொறுமையும் வேண்டியிருந்தது. உங்கள் தேர்வில் இந்த இரண்டுமே இல்லை.

இன்னும் பின்னால் போகலாம். 1983-ல் பிரகாஷ் படுகோன் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார். அதன் பிறகு இந்தியாவுக்கு அடுத்த உலகப் பதக்கம் எப்போது வந்தது, யாரால் வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சாய்னா என்பார்கள், சிந்து என்பார்கள். வந்தது 2011-ல், லண்டனில், ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் பெண்கள் டபுள்ஸில் வாங்கிய வெண்கலம். சிந்துவின் முதல் உலகப் பதக்கத்துக்கு இரண்டு வருடம் முன்னால். அதற்கு முந்தைய வருடம் டெல்லி காமன்வெல்த்தில் இதே இருவர் தங்கம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் குரூப்பில் மூன்று ஜோடிகள் சமமாக வந்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் காலிறுதி தவறியது. ஒரே ஒரு புள்ளி.

அப்படிப்பட்ட ஜோடியை நாடு எப்படி வைத்துக்கொண்டது? 2015-ல் ஒலிம்பிக்குக்குத் தயார் செய்கிற அரசுத் திட்டத்தின் பட்டியல் முதலில் வந்தபோது இவர்கள் பெயர் இல்லை. அதே வருடம் கனடா ஓப்பனை ஜெயித்துக் காட்டி, ஜ்வாலா வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் பலருக்கும் அது விஷயமாகத் தெரிந்தது. அவர் கேட்டபோதெல்லாம் வாயாடி என்று பேர் வைத்தார்கள். நம் கோர்ட்டுகளிலும் அந்தப் பேச்சு நடந்தது, நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அஸ்வினியின் விளையாட்டு வாழ்க்கையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் டபுள்ஸ் ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது முழுக்க அதில் இருக்கிறது. ஜ்வாலாவோடு உச்சம் தொட்டார். ஜ்வாலாவின் காலம் முடிந்ததும் சிக்கி ரெட்டியோடு முதலிலிருந்து தொடங்கினார், 2018 காமன்வெல்த்தில் வெண்கலம் வந்தது. அப்புறம் தன்னைவிட ரொம்ப இளையவரான தனிஷா கிராஸ்டோவோடு மறுபடியும் தொடக்கம். சிங்கிள்ஸ் ஆடுபவருக்குத் தரவரிசைப் புள்ளி அவர் பெயரில் இருக்கும். டபுள்ஸில் புள்ளி ஜோடியின் பெயரில் இருக்கும். துணை காயப்பட்டாலோ விலகினாலோ அவ்வளவுதான், எத்தனை பதக்கம் வைத்திருந்தாலும் புது ஜோடி சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடி மேலே ஏறி வர வேண்டும். முப்பத்து நான்கு வயதில் அப்படி ஏறி வந்து பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார் அஸ்வினி. அங்கே மூன்று ஆட்டங்களிலும் தோற்று, இதுதான் என் கடைசி ஒலிம்பிக் என்று கண்ணீரோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் திரும்பிய பிறகு அவருக்குச் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய் செலவழிக்கப்பட்டதாக ஒரு கணக்கு வெளியே வந்தது. அப்படி ஒரு தொகை தனக்கு வரவேயில்லை, 2023 நவம்பர் வரை சொந்த ஏற்பாட்டில்தான் போட்டிகளுக்குப் போய் வந்தோம், என் பயிற்சியாளரையாவது ஒலிம்பிக்குக்கு அனுப்புங்கள் என்று கேட்டதும் நடக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். முகாம் செலவு, பயணச் செலவு என்று அதிகாரிகள் தரப்பில் விளக்கம் இருக்கலாம், அந்தக் கணக்குக்குள் நான் போகவில்லை. மூன்று ஒலிம்பிக் ஆடிய ஒருவர், உலகப் பதக்கம் வாங்கிய ஒருவர், போட்டிக்குப் போகிற செலவைப் பற்றி இப்படி வெளியே வந்து பேச வேண்டிய நிலை இருக்கிறது. அப்படியானால் நம் ஊரில் ஒரு சின்னப் பெண்ணின் அப்பா "டபுள்ஸ் ஆடினா எதிர்காலம் இருக்கா" என்று என்னிடம் கேட்கும்போது நான் என்ன சொல்வது?

காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரியில் டெல்லியில் நடந்த இந்திய ஓப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில், ஒரே அரங்கில் லக்ஷ்யா சென் சிங்கிள்ஸ் பட்டம் ஜெயித்தார், சாத்விக்-சிராக் டபுள்ஸ் பட்டம் ஜெயித்தார்கள். லக்ஷ்யாவுக்கு 30,000 டாலர். ஜோடிக்கு 31,600 டாலர், பிரித்தால் தலைக்கு 15,800. உலகம் முழுக்கவும் இப்படித்தான்: ஜோடியின் பரிசு சிங்கிள்ஸ் பரிசைவிடக் கொஞ்சம் கூட, அதை இரண்டாக வெட்டினால் ஏறக்குறைய பாதி. விமான டிக்கெட்டும் சாப்பாடும் பாதி விலைக்குக் கிடைக்காது. அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும், அதற்கு உங்களைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் மேலே போனாலும் பாதிச் சம்பளம்தான் என்று தெரிந்தே இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளைக்கு, கீழே இருக்கும்போதாவது முழுக் கோர்ட்டும் முழு மரியாதையும் கொடுக்கலாமே. அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

நம்மவர்களுக்கு டபுள்ஸ் வராது என்றும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மலேசியாவைப் பாருங்கள். பஞ்ச் குணாளன் 1971-ல் இங் பூன் பீயோடு சேர்ந்து ஆல் இங்கிலாந்து டபுள்ஸ் பட்டம் வென்றவர். இன்றைக்கு அதே நாட்டின் தீனா முரளிதரன், பெர்லி டானோடு சேர்ந்து 2022 காமன்வெல்த் தங்கம், பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வரை போயிருக்கிறார். நம் பிள்ளைகள் அந்தப் பெண்ணின் ஆட்டத்தை போனில் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். என் இடதுகைக்காரி அவர் வலைக்கு ஓடி வருவதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள். நம் வீட்டுப் பெயர் போட்ட ஒரு பெண் உலக மேடையில் டபுள்ஸ் ஆடுகிறாள், இங்கே நாம் டபுள்ஸ்தானே என்கிறோம்.

அணிக்குப் போய்த் தோற்று வந்த பெண் இப்போது சிங்கிள்ஸ் மட்டும் ஆடப் போவதாகச் சொல்கிறாள், அடுத்த வருடமும் நான்குக்குள் வர வேண்டுமே என்ற கவலை. வெளியே நின்றவள் பயிற்சிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். பரீட்சை என்கிறாள். பரீட்சை இல்லை என்று எனக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். அவளுடைய டிஃபென்ஸ் மாதிரி ஒரு டிஃபென்ஸை அந்த வயதில் நான் பார்த்ததில்லை. உடம்புக்கு நேராக வருகிற ஸ்மாஷை பேக்ஹேண்டில் தட்டி வலைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் திருப்பி விடுவாள், எதிரே நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் திறமையை சிங்கிள்ஸ் தேர்வில் யாரும் பார்க்கவே முடியாது. நீங்களும் பார்க்கவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

அடுத்த தேர்விலிருந்து டபுள்ஸுக்குத் தனியாக ஆட்டம் வையுங்கள், ஜோடியாக வருபவர்களை ஜோடியாகவே பாருங்கள், ஜெயித்த ஜோடியை ஜோடியாகவே எடுங்கள். நான்கு பேர்தான் அனுப்ப முடியும் என்றால் அதில் இரண்டு இடம் ஜோடிக்கு என்று எழுதி வையுங்கள். எந்த விதியாக இருந்தாலும் தேர்வுக்கு ஒரு மாதம் முன்னாலாவது அறிவியுங்கள், காலையில் வந்து நிற்கும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். தேர்வுக் குழுவில் டபுள்ஸ் ஆடிய ஒருவராவது உட்கார வேண்டும், அவர் சொல்வதும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்.

துணைக்குக் காயம் பட்டு ஒரு பிள்ளை தனியாக நிற்கும்போது, புது ஜோடி அமையும்வரை அந்தப் பிள்ளையை முகாமிலிருந்து எடுக்காதீர்கள்.

அகாடமி நடத்துபவர்களிடம்: வாரத்தில் மூன்று நாளாவது டபுள்ஸுக்கு நல்ல நேரத்தில் கோர்ட் ஒதுக்குங்கள், ஒரு கோர்ட்டுக்கு நான்கு பேர், நல்ல காக். முழுநேர டபுள்ஸ் பயிற்சியாளரை வைக்க வசதி இல்லையென்றால் பக்கத்தில் டபுள்ஸ் ஆடியவர்கள் இருக்கிறார்கள், கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன், காசு வேண்டாம்.

கடைசியாக, இந்தப் பெண்கள் விஷயம். இந்த சீசன் இன்னும் முடியவில்லை. அடுத்து வருகிற போட்டிக்கு இவர்கள் இரண்டு பேரையும் ஜோடியாகவே பதிவு செய்து அனுப்புங்கள். நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் பெற்றோர்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்கு ஆக வேண்டியது ஒரு கையெழுத்துதான். முடியும், முடியாது என்று எதுவானாலும், பதிவு மூடுவதற்கு முன்னால் அந்த இரண்டு வீட்டுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
டபுள்ஸ் மட்டுமே ஆடிய ஒரு முன்னாள் பல்கலைக்கழக ஆட்டக்காரி